பெடலில் கால் வைத்துக்கொண்டு ஸ்விட்ச் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் பேட்டரி சைக்கிள் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், விலை, பேட்டரி, ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும் எல்லாம் இருந்தது. ஒரே ஒரு வரிதான் எனக்குத் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுவிட்டது. பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்று பார்க்கும் சென்சார் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், ஓட்டுபவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று போட்டிருந்தீர்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை நம்பித்தான் என் தங்கை வீட்டுக்காரர் பதினைந்து நாள் ஆட்டோவில் போனார்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் தராசு ரிப்பேர் செய்பவன். துறைமுகத்து மீன் தராசு, மளிகைக்கடை டேபிள் தராசு, பண்ருட்டிப் பக்கம் முந்திரி மூட்டை போடும் பிளாட்பாரம் தராசு, இதுதான் என் பிழைப்பு. உனக்கும் சைக்கிளுக்கும் என்னய்யா என்று கேட்கலாம். தராசுக்குள் எடையை உணரும் 'லோடு செல்' என்ற உலோகக் கட்டையும், சைக்கிள் கிராங்கில், அதாவது பெடலைத் தாங்கும் தண்டில், ஒட்டியிருக்கும் சென்சாரும் பங்காளிகள். இரண்டிலும் இருப்பது ஸ்ட்ரெயின் கேஜ் என்ற மெல்லிய உலோக வரி, கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. அதை இரும்பிலோ அலுமினியத்திலோ ஒட்டிவிடுவார்கள். அழுத்தம் விழுந்தால் அந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், கேஜும் கூடவே இழுபடும், இழுபட்டால் அதன் மின்தடை துளி மாறும். அந்தத் துளியை எண்ணாக்கிக் காட்டுவதுதான் போர்டின் வேலை. 1938-ல் அமெரிக்காவில் இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்த சமாச்சாரம் இது. இதை சைக்கிள் கிராங்கில் வைத்து மிதிப்பவரின் பலத்தை வாட் கணக்கில் சொல்லலாம் என்று 1986 வாக்கில் செய்து காட்டியவர் உல்ரிச் ஷோபரர் என்ற ஜெர்மன் பொறியாளர். முறுக்கு விசையை எடுத்துச் சுற்றும் வேகத்தால் பெருக்கினால் வாட் வந்துவிடும், அவ்வளவுதான் கணக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடிதத்தைப் படித்துவிட்டு எல்லோரும் தங்கள் வண்டியைக் குனிந்து பார்ப்பார்கள். விலை குறைந்த பேட்டரி சைக்கிள் பலவற்றில் இந்த சென்சாரே கிடையாது. பெடல் பக்கத்தில் காந்தம் பதித்த ஒரு தட்டு இருக்கும், அது பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும், எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அந்த வண்டிக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம். நான் சொல்வது அழுத்தத்துக்கு ஏற்ப மோட்டார் உதவி செய்யும் வண்டியைப் பற்றியும், பந்தயத்துக்குப் பழகுகிறவர்கள் கிராங்கில் மாட்டும் பவர் மீட்டரைப் பற்றியும்.

மச்சான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறார். நல்ல வண்டியாகப் பார்த்து வாங்கினார், இரண்டு கிராங்கையும் இணைக்கும் நடு அச்சுக்குள்ளேயே சென்சார் இருக்கிற வகை. வாங்கிய ஒரு மாதத்தில் தகராறு ஆரம்பம். சில நாள் கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு போகுமாம், சில நாள் சிமெண்ட் மூட்டை ஏற்றிய மாதிரி இழுக்குமாம், எவ்வளவு மிதித்தாலும் மோட்டார் அசைந்து கொடுக்காதாம். கடைக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த பையன் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு சென்சார் போச்சு, மோட்டாரோடு சேர்த்துத்தான் மாற்றணும் என்று ஒரு தொகை சொன்னான். அந்தத் தொகைக்கு ஒரு சாதா சைக்கிள் வாங்கிப் பூ போட்டுப் பூஜையும் செய்துவிடலாம்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். "எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுங்க மச்சான், நான் பார்க்கிறேன்" என்றேன். அவர் சீட்டில் உட்கார்ந்தார். இடது கால் தரையில். வலது பெடலை முன்னால் கொண்டுவந்து அதன்மேல் வலது காலை ஜம்மென்று வைத்தார். பிரேக்கைப் பிடித்தார். அப்புறம் கட்டை விரலால் பவர் பட்டனை அழுத்தினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்விட்ச் போட்ட அந்த ஒன்றிரண்டு வினாடியில்தான் சென்சார் தன் ஜீரோவை எடுத்துக்கொள்கிறது. இப்போது என்மேல் எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ அதுதான் சுழி, இதற்கு மேல் வருவதைத்தான் மிதிப்பதாக எடுத்துக்கொள்வேன் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. மச்சானுடைய காலின் கனம் முழுவதும் கணக்கில் இல்லாமல் போய்விட்டது. அப்புறம் அந்தக் கனத்துக்கு மேல் அழுத்தினால்தானே மோட்டாருக்குச் சேதி போகும்?

ஆஃப் செய்யச் சொன்னேன். இரண்டு காலையும் தரையில் வைக்கச் சொன்னேன். பட்டனை அழுத்திவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள், அப்புறம் பெடலைத் தொடுங்கள் என்றேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தவர் முகத்தைப் பார்க்கணுமே. தங்கை வாசலில் நின்றபடியே "இதுக்கா பதினஞ்சு நாள் ஆட்டோக்காரனுக்கு அழுதீங்க" என்றாள். சில வண்டிகள் இப்படிச் செய்தால் திரையில் பிழை எண் காட்டும். சில வண்டிகள் வாயே திறக்காது. ஸ்விட்ச் போடும்போது பெடலில் கால் வைக்காதே என்பது இந்த வகை வண்டிகளின் கையேட்டில் வழக்கமாக இருக்கும் வரிதான், ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில்.

எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. எலக்ட்ரானிக் தராசை ஆன் செய்யும்போது தட்டில் கை வைத்துக்கொண்டிருந்தால் கையை எடுத்தவுடன் மைனஸில் நிற்கும். ஆன் செய்யும் நேரத்தில் தராசு ஜீரோவாக ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு வரம்பே உண்டு, பொதுவாக முழுக் கொள்ளளவில் 20 சதவீதம். 30 கிலோ தராசென்றால் 6 கிலோ வரை தட்டில் இருந்தாலும் சுழி என்று சாதித்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சலுகை 4 சதவீதம்தான். இந்த வரம்பெல்லாம் ஏன் வைத்தார்கள் என்றால், தானாகச் சரிசெய்துகொள்ளும் இயந்திரத்துக்கு எதைச் சரிசெய்ய வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று தெரியாது.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன், வீட்டில் ஆட்டோ ஜீரோ உள்ள டேபிள் தராசு இருந்தால் செய்து பாருங்கள். காலித் தட்டில் உப்பைச் சிட்டிகையாக, ரொம்ப மெதுவாக, இடைவெளி விட்டுவிட்டுத் தூவுங்கள். தராசு 0 என்றே காட்டிக்கொண்டிருக்கும். தூசி விழுகிறது, சூடு ஏறுகிறது என்று நினைத்து ஒவ்வொரு சிட்டிகையையும் அது விழுங்கிவிடும். அதே உப்பை ஒரு பிடியாகப் போட்டால் ஒழுங்காக எடை காட்டும். ஆட்டோ ஜீரோவுக்கு ரொம்பப் பசி எடுத்தால் நிஜ எடையையும் சாப்பிட்டுவிடும், பசியே இல்லையென்றால் சூட்டில் நகர்ந்த பிழையை அப்படியே விட்டுவிடும். சைக்கிளிலும் இதே கதைதான்.

சூடு என்றேன் இல்லையா, அதுதான் இந்த ஜீரோ நகர்வதற்கு முக்கியக் காரணம். ஒரு மீட்டர் அலுமினியம் 1 டிகிரி சூடேறினால் சுமார் 23 மைக்ரான் நீளும். இரும்பு அதில் ஏறக்குறைய பாதி. கேஜும் பசையும் கிராங்கும் ஒரே மாதிரி நீளாது, அதனால் யாரும் மிதிக்காமலே மிதித்த மாதிரி ஒரு எண் வந்து நிற்கும். நான்கு கேஜை எதிரெதிராக இணைத்து இந்தப் பிழையைப் பெருமளவு அடித்துவிடுவார்கள், ஆனால் முழுக்க அடிக்க முடியாது. பெடலைக் கழற்றி இறுக்கினாலும், கிராங்கைக் கழற்றி மாட்டினாலும்கூட ஜீரோ கொஞ்சம் நகரும். மெக்கானிக்குகள் இதைக் கவனிப்பதே இல்லை.

இப்போது என் அக்கா மகன் கதை. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறான், பிரவே என்ற 200 கிலோமீட்டர் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குப் போகிறேன் என்று கிளம்பியிருக்கிறான். பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமாம். இடது கிராங்கில் மட்டும் சென்சார் உள்ள ஒரு மீட்டர் வாங்கி மாட்டியிருக்கிறான். சைக்கிளை ஏசி அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்துவான், அவனைவிட அது சுகமாகத் தூங்கும். விடியற்காலை 5 மணிக்கு எடுத்துக்கொண்டு பாண்டி வரை போய்த் திரும்பினால் 8 மணிக்கெல்லாம் வெயில் பல்லைக் காட்டிவிடும். "மாமா, போகும்போது ஒரு வாட்டு, வரும்போது ஒரு வாட்டு காட்டுது, ஸ்பீடு ஒண்ணுதான், காத்தும் இல்ல" என்று வந்து நின்றான். ஜீரோ எடுத்தாயா என்று கேட்டேன். "அது ஆட்டோ மாமா" என்றான்.

ஆட்டோதான். ஆனால் எப்போது எடுக்கும்? கையேட்டை வாங்கிப் பார்த்தேன். பெடலைப் பின்னோக்கிச் சில முழுச் சுற்று சுற்றினால்தான் அந்த மீட்டர் ஜீரோ எடுக்கும். பயல் கடலூரிலிருந்து பாண்டி வரை ஒரு தடவைகூடப் பின்னால் சுற்றியதில்லை. அவனுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

பின்னால் சுற்றுவது ஏன் என்று யோசித்துப் பார்த்தேன், அழகான யோசனை. பின்னால் சுற்றும்போது செயின் சும்மா ஓடும், அழுத்துவதற்கு எதிர்ப்பு இல்லை. ஆனால் காலின் கனம் பெடலில் இருக்கத்தானே செய்யும்? இருக்கும். பெடல் கீழே இறங்கும்போது அந்தக் கனம் ஒரு பக்கம் முறுக்கும், மேலே ஏறும்போது அதே அளவு மறு பக்கம் முறுக்கும். ஒரு முழுச் சுற்றைக் கூட்டிப் பார்த்தால் கழிந்து சுழியாகிவிடும், கிராங்கின் சொந்தக் கனமும் அப்படியே. கழித்த பிறகும் ஏதாவது மிச்சம் நின்றால் அது சூட்டில் நகர்ந்த பிழை, அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். முழுச் சுற்றாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம், அரைச் சுற்றில் நிறுத்தினால் கணக்கு கெட்டது. சென்சார் கிராங்கில் இல்லாமல், கிராங்கும் பல்சக்கரமும் சேரும் நடுத்துண்டில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியை ஓடவிட்டாலே செயினில் இழுவை போய்விடும், இரண்டு காலும் பெடலில் நின்றாலும் அந்த நடுத்துண்டில் முறுக்கு இருக்காது, அந்த நேரம் பார்த்து ஜீரோ எடுத்துக்கொள்ளலாம். கிராங்கிலேயே சென்சார் இருந்தால் இது நடக்காது, நிற்கிற காலின் கனம் நேராக அந்தக் கிராங்கை வளைத்துக்கொண்டிருக்கும்.

இதில் நம்ம ஊருக்கு என்று ஒரு சிக்கல் உண்டு, எந்தக் கையேட்டிலும் இருக்காது. மலை உள்ள ஊரில் ஏறினால் இறங்கித்தானே ஆக வேண்டும், இறங்கும்போது மிதிக்காமல் வருவார்கள், இயந்திரம் தன் பாட்டுக்கு ஜீரோ எடுத்துக்கொள்ளும். கடலூர் பாண்டி சாலை கேரம் போர்டு மாதிரி இருக்கிறது. தென்பெண்ணைப் பாலம், சுண்ணாம்பாற்றுப் பாலம், அரியாங்குப்பம் பாலம் இந்த மூன்றிலும் இறங்கும் நாலு அடி சரிவை விட்டால் மிதிப்பதை நிறுத்த வேண்டிய அவசியமே வராது, எதிர்க்காற்று அடித்தால் அங்கேயும் மிதித்துத்தான் ஆக வேண்டும். அதனால் ஓடவிட்டால் ஜீரோ எடுக்கும் மீட்டர் வைத்திருப்பவர்களும் பாலம் இறங்கும்போதாவது காலைச் சும்மா வையுங்கள். வீட்டுக்குள் டிரெய்னர் என்ற ஸ்டாண்டில் மாட்டி நின்ற இடத்திலேயே ஓட்டுபவர்கள், மிதிப்பதை நிறுத்தவிடும் ஃப்ரீவீல் இல்லாத பிக்ஸட் கியர் வண்டிக்காரர்கள் ஆகியோருக்கு இந்த ஆட்டோவால் அநேகமாகப் பிரயோஜனம் இல்லை. கிளம்புமுன் கிராங்கைச் செங்குத்தாக நிறுத்தி, காலை எடுத்துவிட்டு, கையால் ஜீரோ போடுவதுதான் வழி. ஏசியிலிருந்து எடுத்தவுடன் போடாமல் வெளியே கால் மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டுப் போடுங்கள்.

பிழை எவ்வளவு பெரிதாகும் என்று கேட்டால், முறுக்கு விசையை நியூட்டன் மீட்டரில் அளப்பார்கள், அதில் 1 நியூட்டன் மீட்டர் ஜீரோ தப்பானாலே நிமிடத்துக்கு 90 சுற்றில் 9 வாட்டுக்கு மேல் தப்பு. இடது கிராங்கில் மட்டும் சென்சார் என்றால் அது இடது காலை அளந்து இரண்டால் பெருக்கிக் காட்டுவது, ஆக பிழையும் இரண்டால் பெருகி 19 வாட். 200 வாட் மிதிக்கிற பையனுக்கு 19 வாட் என்பது சில்லறை இல்லை.

இவ்வளவு பேசியும் பாதிதான் பேசியிருக்கிறேன். எங்கள் தொழிலில் ஜீரோ வேறு, ஸ்பான் வேறு. காலித் தட்டில் 0 காட்டுவது ஜீரோ. 10 கிலோ கல்லை வைத்தால் 10 கிலோ காட்டுவது ஸ்பான். ஜீரோ பட்டன் வெளியே இருக்கும், யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். ஸ்பான் உள்ளே இருக்கும், அதற்கு மேல் முத்திரை இருக்கும், வருடத்துக்கு ஒரு முறை எடையளவு இன்ஸ்பெக்டர் முன்னால் சோதித்து மறுபடி முத்திரை வைக்க வேண்டும். சைக்கிள் உலகத்தில் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கேலிபிரேஷன் என்று கிண்டிவிட்டார்கள். திரையில் 'கேலிபிரேஷன் முடிந்தது' என்று வந்தால் பெரும்பாலும் ஜீரோ எடுத்தாயிற்று என்றுதான் அர்த்தம். காட்டுகிற வாட் உண்மையான வாட்டா என்று அது பார்க்கவே இல்லை. பார்க்கவும் முடியாது, அதற்குத் தெரிந்த எடை ஒன்று வேண்டும்.

என்னிடம்தான் தெரிந்த எடை மூட்டை மூட்டையாக இருக்கிறதே. பையன் சைக்கிளைக் கடைக்குள் கொண்டுவந்து ஸ்டாண்டில் நிறுத்தினோம். பின்சக்கர பிரேக்கை ரப்பர் ட்யூபால் இறுக்கிக் கட்டினோம். இடது கிராங்கை முன்னோக்கிப் படுக்கவைத்து, மேலே ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். 5 டிகிரி சாய்ந்தாலும் பிழை அரை சதவீதத்துக்குள்தான், ஆனாலும் தொழில் புத்தி விடாது. முதலில் பின்னால் சுற்றி ஜீரோ. அப்புறம் முத்திரை போட்ட 20 கிலோ கல்லைக் கயிற்றில் கட்டிப் பெடல் அச்சில் தொங்கவிட்டேன். கிராங்க் 170 மில்லிமீட்டர், ஆக 33.35 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். போனில் 32.1 காட்டியது. பையன் முகம் தொங்கிவிட்டது. கல்லை எடுத்து 10 கிலோ மாட்டினேன். 16.7 வர வேண்டிய இடத்தில் 16.1. இருபதில் ஒன்றேகால் குறைகிறது, பத்தில் அதில் பாதி குறைகிறது. ஜீரோ தப்பாக இருந்தால் இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருக்கும். எடைக்கு ஏற்பக் குறைகிறது என்றால் அது ஸ்பான், எவ்வளவு பின்னால் சுற்றினாலும் தீராது. நல்லவேளையாக அவனுடைய மீட்டரில் அதைத் திருத்த ஆப்பில் ஒரு இடம் இருந்தது, 1.04 என்று போட்டோம். மறுபடி தொங்கவிட்டால் 33.4. "அப்ப நான் இத்தனை நாள் நெனச்சதவிட ஸ்ட்ராங்கா மாமா" என்றான். இடது கால் மட்டும்டா, வலது காலை யார் அளந்தது என்றேன்.

எல்லோர் வீட்டிலும் முத்திரைக் கல் இருக்காது, தெரியும். தெருமுனை மளிகைக்கடையிலோ மண்டியிலோ கேட்டால் அரை மணி நேரத்துக்கு இரவல் கொடுப்பார்கள். அரிசி மூட்டையைக் கட்டித் தொங்கவிடாதீர்கள், மூட்டைமேல் அச்சடித்த எடையை நம்பி மீட்டரைத் திருத்தினால் நான் பொறுப்பில்லை.

பேப்பருக்கு என் வேண்டுகோள் சின்னது. அடுத்த முறை இந்த வண்டிகளைப் பற்றி எழுதும்போது ஆட்டோ என்று போட்டால் அது எந்த நேரத்தில் ஜீரோ எடுக்கிறது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஆன் செய்யும்போதா, மிதிக்காமல் ஓடும்போதா, பின்னால் சுற்றும்போதா என்று கேட்டால் விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் கையேட்டைப் பிரித்தாவது சொல்லட்டும். கடைக்காரர்கள் சென்சார் போச்சு என்று சொல்லுமுன் வண்டியை ஒரு தடவை ஆஃப் செய்து, காலை எடுத்துவிட்டு ஆன் செய்து பார்த்தால் புண்ணியமாகப் போகும். அந்தக் கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை, அந்தப் பையனுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

மச்சான் வண்டி ஹேண்டில்பாரில் 'ஆன் செய்யும்போது பெடலில் கால் வைக்காதே' என்று நானே மார்க்கரில் எழுதி ஒரு சீட்டு ஒட்டிவிட்டு வந்தேன். போன வாரம் பெய்த மழையில் எல்லாம் கரைந்து இப்போது 'கால் வை' மட்டும்தான் தெரிகிறதாம், தங்கை போன் செய்து சிரிக்கிறாள். நீங்கள் அந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டால் வெட்டி எடுத்து மேலே செல்லோடேப் ஒட்டி அனுப்பிவிடுவேன்.

இப்படிக்கு,
தராசு ரிப்பேர்காரர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.